கோட்டுக்கு அடியில் இருந்த ஊர்

அறுபத்தெட்டு வயதில் நான் வெளிநாடு போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். விமானம் ஏறவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சி ஜங்ஷன் பக்கம் இறங்கினேன். அங்கே ஒரு பெரிய ஓட்டல். கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போனதும் குளிர் வேறு, பேச்சு வேறு, சாப்பாடு வேறு. கழுத்தில் மாட்டிவிட்ட அட்டைதான் பாஸ்போர்ட்டு. அது இல்லாமல் சோறு போடும் இடத்துக்குள் விட மாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதை சொல்வார்கள், நான் தலையாட்டுவேன். இந்தத் தடவை என்னைக் கதை கேட்கிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஆனால் ஐந்தாவது வரை படித்த கை, எழுதும். அதனால் எழுதிவிட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

எங்கள் ஊர் நாணல்திட்டு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது, இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கமும் நாங்களும். எங்கள் ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. கொள்ளிடத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான் கிடக்கும். மேட்டூர் நிரம்பினால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் ஓடும்.

போன வெள்ளத்தில் ஊரின் ஒரே அடிபைப்பு மூழ்கிப்போயிற்று. வடிந்த பிறகு அடித்தால் மஞ்சளாக, குட்டை நாற்றத்தோடு வந்தது. அப்போதுதான் வெளிநாட்டு உதவிக்காரர்கள் வந்தார்கள். ஒரு கூட்டம் இல்லை, நான்கு. நிறைய பை வைத்த, கையில்லாத மேல்சட்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம். நீலச் சட்டைக்காரர்கள் வீட்டுக்கு ஒரு நீல வாளி கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஆரஞ்சு வாளி கொடுத்தார்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் மூடி போட்ட பச்சை வாளி கொடுத்தார்கள். கடைசியாக வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்து, வாளியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று படம் போட்ட தாள் கொடுத்தார்கள். வாளிக்குள் ஊற்ற என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் இல்லை.

ஊருக்கு மேற்கே வாழைத்தோட்டம் வைத்திருப்பவர், காலையில் ஒரு மணி நேரம் தன் மோட்டாரில் பிடித்துக்கொள்ள விட்டார். அதைத்தான் குடித்தோம், சமைத்தோம். பிறகு அவரும் ஒரு நாள் சொன்னார்: "தோட்டத்த பிளாட்டு போடக் குடுத்துட்டேன். இந்தத் தாரு வெட்டுனதும் மோட்டாரக் கழட்டிருவேன். நீங்க வேற வழி பாத்துக்கங்க." அவர் சொன்னபோதே வாழை பூ தள்ளியிருந்தது. அதன்பிறகு காலையில் குடத்தோடு போகும்போதெல்லாம் நாங்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, தாரைத்தான் பார்த்தோம். சீப்பு பெருக்கப் பெருக்க எங்கள் நாள் குறைந்தது.

ரெஜினா என்று ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும். திருச்சித் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. இந்த நான்கு நிறத்தாருக்கும் ஊர் ஊராக வழி காட்டி, அவர்கள் பேச்சைத் தமிழாக்கிச் சொல்கிறவள் அவள்தான். அவள் வந்து சொன்னாள்: நான்கு பேரும் சேர்ந்து திருச்சியில் மூன்று நாள் கூட்டம் போடுகிறார்கள், எந்த ஊர் யாருக்கு என்று அங்கேதான் பிரிக்கப்போகிறார்கள், யார் பட்டியலிலாவது ஊர்ப் பெயர் ஏறிவிட்டால் மேடை கட்டி உயரத்தில் புதுப் பைப்பு போட்டுத் தருவார்கள், ஊருக்கு ஒரு பெண் வரலாம்.

போக வேண்டியவள் தனபாக்கியம். எங்கள் மகளிர் குழுவின் தலைவி. பூட்டிக் கிடந்த ரேஷன் கடையை வாயாலேயே திறக்க வைத்தவள். கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் பைப்படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கட்டிலில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"நீ போடி."

"எனக்குப் பேச வராதே."

"அது தெரியாதா எனக்கு. மத்தவளுக எல்லாம் வேலைக்குப் போறாளுக. சும்மா இருக்கறவ நீ ஒருத்திதான்."

"போயி என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நம்ம ஊரு பேரு ஏறுறவரைக்கும் அங்கேருந்து எந்திரிக்காத."

*

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வண்டி வரும், ரோட்டில் நில்லுங்கள் என்றார்கள். ஒன்பது வரை நின்றேன். ரெஜினாவுக்குப் போன் போட்டேன். அவள் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். நீலம், ஆரஞ்சு அனுப்புவதாக நினைத்திருந்தது. ஆரஞ்சு, பச்சை அனுப்புவதாக நினைத்திருந்தது. வண்டி வேலையெல்லாம் வெள்ளையின் பொறுப்பு என்றது பச்சை. அதைப் பற்றி எல்லாருக்கும் ஈமெயில் போட்டாயிற்று என்றது வெள்ளை.

"ஒருங்கிணைப்புல ஒரு சின்னக் கொளறுபடிம்மா. பஸ்ஸுல வந்துருங்க" என்றாள் ரெஜினா.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு வண்டியை அனுப்பாமல் இருப்பதற்கு அதுதான் பெயர் என்று விளங்கிக்கொண்டேன். மூன்று நாளில் அந்த விளக்கத்தை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

பஸ் காவிரிப் பாலத்தில் நகராமல் நின்றது. மலைக்கோட்டை எதிரே இருந்தது, ரொம்ப நேரம் அதே அளவிலேயே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சமையலுக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

ஓட்டலில் என் கழுத்தில் மாட்டிய அட்டையில் தனபாக்கியம் என்று போட்டிருந்தது.

"இது நான் இல்லையேம்மா."

"பேரு மாத்தணும்னா நாலு ஆபீஸும் சம்மதிக்கணும்மா. அதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிரும். மூணு நாளைக்கு நீங்கதான் தனபாக்கியம்" என்றாள் ரெஜினா.

அவள் பெயரை மாட்டிக்கொண்டால் அவள் வாயில் கொஞ்சமாவது எனக்கு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

கூட்டத்தை நடத்தியவள் நீலச் சட்டைக்காரி ஒருத்தி. பனைமரம் மாதிரி உயரம், நல்ல சிரிப்பு. மத்தியானம் வரை ஒவ்வொருவராக எழுந்து பெயர், வேலை, இந்தக் கூட்டத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று சொன்னார்கள். எல்லாரும் ஒருங்கிணைப்பை எதிர்பார்த்தார்கள். மைக் என்னிடம் வந்தபோது சூடான பாத்திரம் மாதிரிப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. நான் பாட்டுக்கு ஒரு அடிபைப்பை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு வரிசையாகத் தட்டில் தட்டில் வைத்து மூடியிருந்தது, நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சாம்பார் இனித்தது. ரசத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதை முதலிலேயே குடித்தார்கள். தயிர்சாதத்தின் மேல் மாதுளை முத்து, திராட்சை, காரட்டுத் துருவல் எல்லாம் போட்டு அலங்காரம் பண்ணியிருந்தார்கள், சடங்குக்கு உட்கார்ந்த பெண் மாதிரி இருந்தது. வாழைப்பழம் ஒன்று எடுத்தேன். மேலே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. ருசியே இல்லை. பூவனும் ரஸ்தாளியும் காய்க்கிற தீவுக்கு நாலு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ இருந்து வந்த சீட்டு ஒட்டிய பழத்தைத் தின்கிறார்கள்.

சாயங்காலம் திரையில் பெரிய கட்டம் போட்டுக் காட்டினார்கள். யார், எங்கே, என்ன என்று மூன்று பத்தி. யார் வேலை செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள். நான் ரெஜினாவின் காதில், "எப்பங்கிற கட்டம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அது அடுத்த கூட்டத்துல வரும்மா."

எனக்கும் ரெஜினாவுக்கும் ஒரே அறை. குளிக்கும் இடம் எங்கள் வீட்டளவு இருந்தது. திருகினால் சுடுதண்ணீர், இன்னொரு பக்கம் திருகினால் பச்சைத்தண்ணீர், தலைக்கு மேலே ஒரு வட்டத்திலிருந்து மழை. எவ்வளவு தேடியும் ஒரு வாளி இல்லை. என்ன உலகமோ. வாளி இருக்கும் இடத்தில் தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கும் இடத்தில் வாளி இல்லை. இதைத்தான் ஒருங்கிணைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாரிடம் சொல்ல.

*

இரண்டாம் நாள் காலையில் சுவரில் பெரிய வரைபடம் மாட்டினார்கள். முக்கொம்பிலிருந்து கல்லணை வரை இரண்டு ஆறும் அதில் இருந்தன. கிழக்குப் பக்கத்து ஊர்களைப் பச்சையும் வெள்ளையும் பிரித்துக்கொண்டன. மேற்கே எங்கள் பக்கம் நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும். நீலச் சட்டைக்காரி தடிமனான ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து, கொள்ளிடத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு வடக்கே ஆரஞ்சு, தெற்கே நீலம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு ஒவ்வொரு ஊராகப் பெயர் படித்தார்கள். வடக்கு, தெற்கு, தெற்கு, வடக்கு என்று பட்டியலில் ஏறின. நான் எங்கள் பெயருக்காகக் காத்திருந்தேன். தெற்குப் பட்டியல் முடிந்தது. வடக்குப் பட்டியலும் முடிந்தது. டீ என்றார்கள்.

ரெஜினா எழுந்து வரைபடத்துக்குப் பக்கத்தில் போய் மூக்கு உரசப் பார்த்துவிட்டு வந்தாள். "அம்மா, உங்க ஊரு கோட்டுக்கு அடியில இருக்கு" என்றாள்.

நானும் போய்ப் பார்த்தேன். கோடு என் பெருவிரல் அகலம். அந்த ஒரு விரலுக்குள் ஆறும் அடக்கம், ஆற்றை ஒட்டி இருந்த நாங்களும் அடக்கம். வெள்ளம் பாதி ஊரைத்தான் மூழ்கடித்தது. பேனா முழுசாக மூழ்கடித்துவிட்டது.

டீ முடிந்ததும் ரெஜினா கையைத் தூக்கிச் சொன்னாள். அதன்பிறகு நடந்த பேச்சை அவள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அது வடக்குல இருக்குன்னு நீலம் சொல்றாங்க."

"இல்லம்மா, நாங்க தென்கரை."

"அதையேதான் ஆரஞ்சும் சொல்றாங்க, அது தெற்குன்னு. கோட்ட மேலாக இழுத்தா தெற்கு, கீழாக இழுத்தா வடக்கு, கோடு போட்டாச்சே, இப்ப என்ன செய்யறதுன்னு கேக்கறாங்க."

"இப்ப என்ன செய்வாங்களாம்?"

"கோட்டுல வர்ற ஊருகளுக்குன்னு தனியா ஒரு குழு போடறாங்களாம்."

குழு போட்டார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பேச ஆரம்பித்து, சாப்பாட்டு நேரம் வந்து, சாப்பிட்டு வந்து, மறுபடி பேசி, நாலு மணிக்குப் பெயர் வைத்தார்கள். என் பேத்திக்கே அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. அந்தக் குழு அடுத்த மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் கூடும், அதுவரை நாணல்திட்டு நிலுவையில் என்று எழுதினார்கள். மூன்று மாதம். தாரில் காய் திரண்டு, கம்பு கொடுத்து நிறுத்தியாயிற்று. ஒரு மாதம்கூடத் தாங்காது.

அன்றைக்குச் சாயங்கால டீயின்போது நான் ஒரு மூலையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு நின்றேன். ஆரஞ்சுச் சட்டையில் ஒரு பெரியவர், என் வயசு இருக்கும், அவரும் அதே மூலைக்கு வந்து நின்றார். கூட்டத்தில் வாயே திறக்காதவர். இரண்டு பேரும் பிஸ்கட்டைக் கடித்தபடி தரையைப் பார்த்தோம். ரெஜினா வந்ததும் அவர் அவளிடம் ஏதோ சொன்னார்.

"இந்த வேலைக்கு வந்து இருபது வருஷமாச்சாம். திருச்சிக்கு வந்து பதினோரு நாளாச்சாம். ஆத்த இன்னும் ரூம் ஜன்னல் வழியாக்கூடப் பாக்கலயாம், அவரு ரூமு பின்பக்கமாம்" என்றாள்.

"எங்க ஊரு அந்தக் கோட்டுக்கு அடியில இருக்குன்னு அவருட்ட சொல்லு."

அவள் சொன்னாள். அவர் பிஸ்கட்டை வைத்துவிட்டு வரைபடத்துக்குப் போனார். நகத்தால் கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. விரலை நாக்கில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"அழியாத மையாம்மா" என்றாள் ரெஜினா.

*

மூன்றாம் நாள், எல்லாரும் ஒரு ஊரை நேரில் பார்க்கப் போவதாக ஏற்பாடு. வரைபடத்திலேயே ஊர்களைப் பிரித்து முடித்த பிறகு ஊரைப் பார்க்கப் போவது. எந்த ஊர் என்று தேர்ந்தெடுக்க அவர்களுக்கு மூன்று காரணம் இருந்தது என்றாள் ரெஜினா: பஸ் திரும்ப இடம் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, வெள்ளம் வரவில்லை.

பெரிய ஏசி பஸ். எனக்கு ஏசி பஸ்ஸில் குமட்டும், அதனால் டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். டிரைவர் காதர் பாய், பாலக்கரைக்காரர். நரைத்த தாடி, சிரிக்காமல் பேசுகிற வாய்.

"மூணு நாளா உள்ள என்னம்மா நடக்குது?"

"பிரிக்கிறாங்க பாய்."

"எத?"

"ஊர."

"யா அல்லா. இதுக்கு எதுக்கும்மா பிஸ்கட்டு" என்றார்.

ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்ததும் ராஜகோபுரத்தைப் பார்த்து எல்லாரும் போனைத் தூக்கினார்கள். யாரோ இறங்கலாமா என்று கேட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றாள் நீலச் சட்டைக்காரி. ஊர் தாண்டி மேற்கே போனோம். இரண்டு பக்கமும் வாழை. காதர் பாயின் போனில் ஒரு பெண் குரல் இடது வலது சொல்லிக்கொண்டே வந்தது. தோட்டங்களுக்கு நடுவில் சிக்னல் போய் அவள் நின்றுவிட்டாள். சற்றுத் தூரத்தில் ரோடு இரண்டாகப் பிரிந்தது. நேரே போனால் அவர்கள் பார்க்க வேண்டிய ஊர். வலது கை பக்கம் போனால் கொள்ளிடக் கரை.

காதர் பாய் வேகத்தைக் குறைத்தார். "எந்தப் பக்கம்மா? நீங்க இந்தப் பக்கந்தான?"

கை தானாகப் போயிற்று என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். எனக்கு வழி தெரியும். பஸ் அங்கே போனால் திரும்ப இடம் கிடையாது என்றும் தெரியும். வாயைத் திறந்திருந்தால் குரல் நடுங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் வாயைத் திறக்கவில்லை. வலது கையை நீட்டினேன்.

கரைமேல் ரோடு மெலிந்துகொண்டே போயிற்று. வாழை இலைகள் இரண்டு பக்கமும் கண்ணாடியை அறைந்தன. பின்னால் அழகாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளம் கொண்டுவந்து போட்ட மணலில் பின் சக்கரம் இறங்கி, பஸ் ஒரு முனகலோடு நின்றது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீடுகள் தெரியும்.

ரெஜினா முன்னால் வந்தாள். வெளியே பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா."

"ம்."

"இது நாணல்திட்டு."

"ஆமா."

பின்னால் நீலச் சட்டைக்காரி எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரெஜினா அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. என் பதிலை அவளுக்கும் மொழிபெயர்க்கவில்லை.

டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும் என்றார் காதர் பாய். டிராக்டர் வைத்திருப்பவர் வாழைத்தோட்டக்காரர் ஒருவர்தான், அவர் ஜீயபுரம் போயிருந்தார். வெயிலில் பஸ்ஸுக்குள் உட்கார முடியாமல் நான்கு நிறமும் இறங்கி எங்கள் தெருவுக்குள் நடந்தது. கட்டுப் போட்ட காலோடு தனபாக்கியம் வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வந்த ஊர்வலத்தைப் பார்த்தாள்.

"பேர ஏத்திட்டு வாடின்னா ஆள ஏத்திட்டு வந்திருக்க" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் அவர்கள் பாட்டிலில் இருந்த தண்ணீர் தீர்ந்துபோயிற்று. தண்ணீர் கிடைக்குமா என்று ரெஜினா வழியாகக் கேட்டார்கள். தோட்டத்து மோட்டார் நேரம் காலையிலேயே முடிந்துவிட்டது. தனபாக்கியம் பெண்களைக் கூப்பிட்டாள்.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்கடி. நம்ம பைப்புலேருந்தே. அவங்கவங்க வாளில அவங்கவங்களுக்கு."

அடிபைப்பில் அடித்து எடுத்து வந்தார்கள். நீலச் சட்டைக்காரர்கள் முன்னால் நீல வாளி. ஆரஞ்சுக்கு ஆரஞ்சு. பச்சைக்கு, மூடி போட்டு, பச்சை. வெள்ளைச் சட்டைக்காரர்கள் வாளி தரவில்லை, அதனால் அவர்கள் முன்னால் அவர்களுடைய தாளை விரித்து வைத்தாள் ஒருத்தி. பச்சைக்காரர் மூடியைத் திறந்துவிட்டு உடனே மூடினார். யாரும் குனியவில்லை. மஞ்சள் தண்ணீர் வெயிலில் பளபளவென்று இருந்தது.

தனபாக்கியம் கட்டிலில் இருந்தபடியே ஆரம்பித்தாள். "ஏன், குடிங்க. ஒங்க வாளிதான. நாங்க கழுவித்தான் வச்சிருக்கோம், படத்துல போட்ட மாதிரியே. கோட்டுக்கு வடக்கே ஒரு மொடக்கு, தெற்கே ஒரு மொடக்கு குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் குழு போடுங்க." கோட்டுக் கதையை முந்தின நாள் சாயங்காலமே போனில் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். தோட்டத்து மோட்டார் போகப்போவதையும், தார் எந்த அளவில் நிற்கிறது என்பதையும் சொன்னாள். அதற்கு நடுவில் சொன்னதையெல்லாம் எழுதினால் யாரும் சத்தமாகப் படித்துக் காட்ட மாட்டார்கள்.

ரெஜினா திரும்பி இரண்டே வாக்கியம் சொன்னாள். ஆரஞ்சுப் பெரியவர் அவளை ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறாரு?"

"அவ்வளவுதான் சொன்னாங்களான்னு கேக்கறாரு" என்றாள், முகம் சிவந்து.

பெரியவர் அடிபைப்புக்குப் போனார். மேல்சட்டையைக் கழற்றி அதன்மேலேயே தொங்கவிட்டு, தானே அடித்தார். எட்டு, பத்து அடிக்குப் பிறகு வந்தது. உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்தார். கீழே விட்டார். மறுபடியும் அடித்து, மறுபடியும் மோந்தார். பிறகு கையை வேட்டி மாதிரி இருந்த தன் பெரிய கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, நடந்து போய்ப் பைப்புக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்று, கொள்ளிடத்து மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலச் சட்டைக்காரி படம் எடுத்தாள். அவள் எடுத்ததும் மற்றவர்களும் எடுத்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் தோட்டக்காரர் டிராக்டரோடு வந்தார். பஸ்ஸைக் கட்டி இழுத்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "எங்க தோட்டத்துத் தண்ணியத்தான் இந்த ஊரே குடிக்குதுன்னு சொல்லுங்க" என்றார் ரெஜினாவிடம். எந்தத் தேதி வரைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள் ரெஜினா. அதை அவர் சொல்லச் சொல்லவில்லை.

திரும்ப இடமில்லாததால் பஸ் வந்த வழியே பின்பக்கமாகவே போக வேண்டியிருந்தது. நான் ஏறவில்லை. வீடு இங்கே இருக்கும்போது எதற்கு. காதர் பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அம்மா, வழி தெரிஞ்சுதான் காட்டுனீங்களா?"

"தெரிஞ்சுதான் பாய்."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் போட்டார். ஒரு மைல் தூரமும் பின்பக்கமாகவே போயிற்று அந்தப் பஸ், எல்லார் முகமும் எங்களைப் பார்த்தபடி.

*

மறுநாள் ரெஜினா ஓட்டலில் விட்டு வந்த என் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள். முந்தின நாள் வரை யாருக்கும் வேண்டாத ஊர், படம் எடுத்த பிறகு இரண்டு பேருக்கும் வேண்டியதாகிவிட்டதாம். எங்கள் ஊர், எங்கள் ஊர் என்று நீலமும் ஆரஞ்சும் ஒரு மணி நேரம். கடைசியில் கோட்டை ஒரு விரல் வடக்கே நகர்த்தி எங்களை நீலத்துக்குக் கொடுத்துவிட்டு, படத்தை மட்டும் நான்கு பேரும் போட்டுக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்களாம். மை அழியாதது என்பதால், பழைய கோட்டின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுப் புதுக்கோடு போட்டார்களாம். ஆரஞ்சுப் பெரியவர் மட்டும் பேனாவை மெல்லியதாக எடுங்கள் என்று கேட்டாராம். மெல்லிய பேனா இல்லை.

அறிவிப்புப் பலகைதான் முதலில் வந்தது. நான்கு நிறத்திலும் சின்னம் போட்டு, பைப்பு வரப்போகும் இடத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். பத்து நாள் கழித்து ஆழ்துளை போடும் லாரி வந்தது. தோட்டத்தில் தார் வெட்ட ஆள் இறங்கிய அன்றைக்கு, இடுப்பு உயர மேடைமேல் எங்கள் பைப்பில் தண்ணீர் வந்தது. தனபாக்கியத்தைக் கட்டிலோடு தூக்கிவந்து முதல் சொம்பை அவள் கையில் கொடுத்தோம். குடித்துவிட்டு, "கொஞ்சம் சப்புன்னு இருக்கு" என்றாள். அவள் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

போன வாரம் விடியற்காலையில் பைப்படியில் இருந்தேன். கொள்ளிடத்து மணலில் தூரத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தது. எதிர்க்கரை ஓடைக்காட்டுப் பெண்கள் நாலைந்து பேர், இடுப்பில் குடத்தோடு மணலைக் கடந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் அமிர்தம். என் நாத்தனார் ஊர்க்காரி, என்னைவிட வாய் செத்தவள். நான்தான் பைப்பை அடித்தேன். அந்த ஆற்று மணலில் குடத்தோடு நடப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

"எங்க பைப்பும் வெள்ளத்துல போச்சுங்கக்கா. மொதல்ல ஆரஞ்சுக்காரங்க லிஸ்ட்டுல எங்க ஊரு இருந்துச்சாம். இப்ப இல்லயாம். கோடு எங்க மேல வந்துருச்சுன்னு ரெஜினா சொல்லுது."

நான் அடிப்பதை நிறுத்தினேன். ஒரு விரல் வடக்கே. அந்த விரலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெயர் ஏறிவிட்டது என்று கேட்டதும் எழுந்துவிட்டேன்.

"அடுத்த கூட்டத்துக்கு என்னைய வரச்சொல்லியிருக்காங்க. கடைசி நாளு எல்லாரையும் பஸ்ஸுல கூட்டிட்டுப் போவாங்களாமே. எனக்கு அங்க என்ன பேசறதுன்னே தெரியாதுங்கக்கா."

"பேச வேணாம்" என்றேன். "ஏசி ஒத்துக்காதுன்னு சொல்லி முன் சீட்டுல உக்காந்துக்க. டிரைவரு காதர் பாய். வழி தெரியாத எடத்துல அவரு ஒன்னத்தான் கேப்பாரு. ஓடைக்காட்டுக்குத் திரும்பறது எந்தப் பக்கம்?"

அமிர்தம் யோசித்தாள்.

"இடதுங்க" என்றாள். குடத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, இடது கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.